ஒரு பெயர் எதுவரை செல்லும்?

நரிக்குடிப் பக்கத்துக் கண்மாய்கள் ஒன்றோடொன்று தொடுத்தவை. கிருதுமால் நதியிலோ குண்டாற்றிலோ தண்ணீர் வந்தால் மேலே இருக்கும் கண்மாய் முதலில் பெருகும். அதன் மடை வழியே இறங்கும் தண்ணீர் அதன் ஆயக்கட்டுக்கு மட்டும். நிறைந்து மிஞ்சுவது கலுங்கு தாண்டி அடுத்த கண்மாய்க்குப் போகும். தண்ணீர் எந்த நிலத்துக்கு உரியது, எந்த மடை எப்போது திறக்கும் என்ற இரண்டையும் இந்த வானம் பார்த்த பூமியில் யாரும் பிரித்துப் பேசுவதில்லை. ஒன்றைத் தீர்மானித்தால் மற்றதும் பாதி தீர்மானமாகிவிடும்.

கணினி நிரலிலும் இப்படி இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒரு மாறிக்கு வைத்த பெயர் நிரலின் எந்தெந்தப் பகுதிக்குத் தெரியும்? இது வரையெல்லை. நிரல் எந்த வரியிலிருந்து எந்த வரிக்குப் போகும், எங்கே கிளை பிரியும், எங்கே திரும்பச் சுற்றும், எங்கே பாதியில் வெளியேறும்? இது கட்டுப்பாட்டுப் போக்கு. தமிழ்நாடு அரசின் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் 2019 இல் புதிய பாடத்திட்டத்தில் வந்தபோது இரண்டுக்குமே இடம் தந்தது. மூன்றாம் பாடம் வரையெல்லை, ஆறாம் பாடம் கட்டுப்பாட்டுக் கட்டமைப்புகள். திருச்சுழியிலோ அருப்புக்கோட்டையிலோ தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு வரையெல்லைக்கென்றே ஒரு முழுப் பாடம் கிடைப்பது பெரிய விஷயம். அந்தப் பாடநூலை எழுதியவர்களைப் பாராட்ட வேண்டும். ஆனால் இரண்டு பாடங்களும் ஒன்றையொன்று பார்க்காமலே முடிந்துவிடுகின்றன. ஸ்கிரிப்டிங் மொழிகளில் பிடிபடாத பிழைகள் பிறப்பதும், அம்மொழிகளின் பெரிய வலிமை இருப்பதும் இவை இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான். அந்த இடத்தைப் பற்றியே இங்கே சொல்லப் போகிறேன்.

பதினோராம் வகுப்பில் சி++ படித்துவிட்டு வரும் மாணவரிடமிருந்து தொடங்கலாம். சி++ மொழியில் ஒரு மடக்கின் தலைப்பில் அறிவித்த மாறி, அந்த மடக்கு முடிந்ததும் மறைந்துவிடும். சுருள் அடைப்புக்குறி ஒவ்வொன்றும் ஓர் எல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானுக்கு வந்தால் இந்த எல்லை இல்லை. பைத்தானில் செயற்கூறும், இனக்குழுவும், நிரல் கோப்பும்தான் பெயர்களுக்கு வேலி போடுகின்றன. நிபந்தனையும் மடக்கும் போடுவதில்லை. ஒன்று முதல் பத்து வரை சுற்றிய மடக்கு முடிந்த பிறகும் அதன் மாறி கடைசி மதிப்போடு, 10 என்று, அப்படியே இருக்கும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்த மடக்கு சுற்ற வேண்டிய பட்டியல் வெறுமையாக இருந்தால் என்ன ஆகும்? மடக்கு ஒருமுறைகூட ஓடாது. மாறிக்கு மதிப்பு விழாது. அடுத்த வரியில் அந்தப் பெயரைக் கேட்டால் ‘அப்படி ஒரு பெயரே இல்லை’ என்று பைத்தான் நின்றுவிடும். பட்டியலில் ஏதாவது இருக்கும் நாளெல்லாம் ஒழுங்காக ஓடிய நிரல், ஒன்றும் இல்லாத நாளில் முறியும். நிரல் எந்த வழியே போனது என்பதைப் பொறுத்தே அங்கே ஒரு பெயர் இருப்பதும் இல்லாததும் அமைகிறது.

அடுத்தது இன்னும் குழப்பமானது. கீழே இருப்பது புரிவதற்காகத் தமிழில் எழுதிய மாதிரி. இதையே பைத்தானில் எழுதி ஓட்டிப் பார்க்கலாம்.

மட்டம் = 12
செயற்கூறு மடைதிற:
    அச்சிடு மட்டம்
    மட்டம் = மட்டம் - 2
மடைதிற

வெளியே மட்டம் 12 என்று இருக்கிறது. செயற்கூறின் முதல் வரி அதை அச்சிடும், இரண்டாம் வரி குறைக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பைத்தான் முதல் வரியிலேயே பிழை சொல்லும். இரண்டாம் வரியை எடுத்துவிட்டால் முதல் வரி ஒழுங்காக ஓடி 12 என்று காட்டும். பின்னால் வரும் வரி முன்னால் வரும் வரியை எப்படிக் கெடுக்க முடியும்?

காரணம் இதுதான். பைத்தான் செயற்கூறை ஓட்டுவதற்கு முன்பே அதன் உடல் முழுவதையும் ஒருமுறை படிக்கிறது. உடலுக்குள் எங்காவது ஒரு பெயருக்கு மதிப்பிருத்தினால், அந்தப் பெயர் அந்தச் செயற்கூறு முழுவதற்கும் உள்ளமை மாறி என்று முடிவு செய்துவிடுகிறது. மதிப்பிருத்தும் வரி கடைசியில் இருந்தாலும் சரி, ஒருபோதும் ஓடாத கிளைக்குள் இருந்தாலும் சரி. வரையெல்லை நிரல் ஓடுமுன் முடிவாகிறது. மதிப்பு நிரல் ஓடும்போது விழுகிறது. அச்சிடு என்ற வரி வெளியிலுள்ள மட்டத்தைப் பார்ப்பதே இல்லை. இன்னும் மதிப்பு விழாத உள் மட்டத்தைத் தேடித் தோற்கிறது. வெளி மாறியையே மாற்ற விரும்பினால் ‘குளோபல்’ என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஒரு செயற்கூறுக்குள் இன்னொரு செயற்கூறு இருந்தால்? உள்ளே இருப்பது தன்னைச் சூழ்ந்திருப்பதன் மாறிகளைப் பார்க்கும் வசதியே பைத்தானுக்கு 2001 இல், 2.1 பதிப்பில், விருப்பத் தேர்வாகத்தான் வந்தது. அந்த மாறிகளை மாற்ற உதவும் ‘நான்லோக்கல்’ 2008 இல் 3.0 பதிப்போடு வந்தது. உள்ளமை, சூழ்ந்தது, முழுதளாவியது, உள்ளிணைந்தது என்று நம் மாணவர்கள் இன்று படிக்கும் நான்கு படிகள் ஒரே நாளில் கட்டப்பட்டவை அல்ல.

இதுவரை பார்த்ததில் ஒரு செயற்கூறு எந்தப் பெயர்களைப் பார்க்கும் என்பதை அது எழுதப்பட்ட இடம் தீர்மானித்தது. வேறு விதமாகவும் தீர்மானிக்கலாம். அது எங்கே எழுதப்பட்டது என்று பார்க்காமல், யார் அதை அழைத்தது என்று பார்க்கலாம். இன்னொரு மாதிரி:

அளவு = 5
செயற்கூறு காட்டு:
    அச்சிடு அளவு
செயற்கூறு மாற்று:
    உள்ளமை அளவு = 9
    காட்டு
மாற்று

பைத்தானில் இது 5 என்று அச்சிடும். காட்டு எழுதப்பட்ட இடத்தில் தெரிவது வெளியே இருக்கும் 5 தான். லினக்ஸ் கணினிகளில் புழங்கும் பாஷ் மொழியில் இதையே எழுதினால் 9 வரும். காட்டுவை அழைத்தது மாற்று. மாற்றின் கையில் இருப்பது 9. முதல் வகை எழுத்திட வரையெல்லை, இரண்டாவது அழைப்புவழி வரையெல்லை என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் வகையில் வரையெல்லையும் கட்டுப்பாட்டுப் போக்கும் வேறு வேறு அல்ல. நிரல் எந்தப் பாதையில் வந்தது என்பதே எது தெரியும் என்பதற்கு விடை.

ஜான் மெக்கார்த்தி 1958 இல் தொடங்கிய லிஸ்ப் மொழி நீண்ட காலம் அழைப்புவழியிலேயே நடந்தது. 1975 இல் சஸ்மனும் ஸ்டீலும் உருவாக்கிய ஸ்கீம் என்ற கிளைமொழி எழுத்திட வரையெல்லைக்கு மாறியது. பெர்ல் மொழிக்கு 1994 இன் ஐந்தாம் பதிப்பில்தான் எழுத்திட மாறிகள் கிடைத்தன. ஈமாக்ஸ் தொகுப்பியின் லிஸ்ப் 2012 வரை காத்திருந்தது. ஏறக்குறைய எல்லோரும் ஒரே திசையில் நகர்ந்ததற்குக் காரணம் எளியது. எழுத்திட வரையெல்லையில் நிரலின் அந்தப் பக்கத்தைப் படித்தாலே பெயர் எதைக் குறிக்கிறது என்று தெரியும். அழைப்புவழியில் நிரல் முழுவதையும், அது ஓடும் பாதைகள் அனைத்தையும் மனத்தில் வைத்திருக்க வேண்டும். மனிதரால் அது முடியாது. ஆகவே எழுத்திட வரையெல்லையே சரி என்பதில் எனக்கு ஐயமில்லை.

பாஷ் பற்றி இன்னொன்று சொல்லியாக வேண்டும். பள்ளிக் கணினியிலோ வேறெங்கோ மழை அளவுகள் வரிவரியாக எழுதிய ஒரு கோப்பு இருக்கிறது என்று வையுங்கள். கோப்பைப் படிக்கும் கட்டளையிலிருந்து ஒரு குழாய்க் குறி வழியாக மடக்குக்கு அனுப்பி, ஒவ்வொரு வரியையும் 0 என்று தொடங்கிய ‘மொத்தம்’ என்ற மாறியில் கூட்டுகிறோம். மடக்குக்குள் அச்சிட்டுப் பார்த்தால் மொத்தம் ஒழுங்காக ஏறிக்கொண்டே போகும். மடக்கு முடிந்த அடுத்த வரியில் அச்சிட்டால் 0 வரும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

நடந்தது என்னவென்றால், குழாய்க் குறியின் இரு பக்கமும் தனித்தனிச் செயல்களாக ஓடுகின்றன. மடக்கு ஓடியது பெற்ற செயலின் நகலாகப் பிறந்த குழந்தைச் செயலில். மாறிகளையும் அது நகலாகவே பெற்றது. கூட்டிய கணக்கெல்லாம் அந்த நகலில் நடந்து, குழந்தைச் செயல் முடிந்ததும் அதோடு போய்விட்டது. குழாய்க் குறியை விட்டுவிட்டு, மடக்கின் முடிவில் கோப்பின் பெயரை உள்ளீட்டுக் குறியோடு எழுதினால் மடக்கு அதே செயலில் ஓடும், கணக்கு தங்கும். 2011 இல் வந்த 4.2 பதிப்பு, குழாய்த் தொடரின் கடைசிப் பகுதியை அதே செயலில் ஓட்டும் ஒரு விருப்பத் தேர்வையும் தந்தது. பிழைச் செய்தி இல்லாத தவறான விடைதான் நிரலில் மிக ஆபத்தானது. இந்த வகைப் பிழையை வரையெல்லைப் பாடத்தை மட்டும் படித்தும் கண்டுபிடிக்க முடியாது, மடக்கைப் பற்றி மட்டும் படித்தும் கண்டுபிடிக்க முடியாது.

இவ்வளவும் இடர்கள். இனி வலிமை. இதற்கு டிக்கிள் மொழியைப் போலத் தெளிவான சான்று வேறில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஓஸ்டர்ஹவுட் 1988 இல் இதை எழுதத் தொடங்கினார். 1997 இல் கணினியியலாளர் சங்கமான ஏ.சி.எம். இதற்காக அவருக்கு மென்பொருள் விருது தந்தது. சிப் வடிவமைப்புக் கருவிகள் பெரும்பாலும் இன்றும் டிக்கிள் ஸ்கிரிப்டுகளால்தான் இயக்கப்படுகின்றன. நம் பகுதிப் பொறியியல் கல்லூரிகளில் படித்து பெங்களூருக்குச் சிப் வடிவமைப்பு வேலைக்குப் போகிறவர்கள் அங்கே சந்திக்கும் முதல் புதிய மொழி பல நேரம் இதுவாகவே இருக்கும்.

டிக்கிளின் இலக்கணம் 12 விதிகளில் அடங்கும். ஒதுக்கப்பட்ட சொல் என்று ஒன்றுமில்லை. நிபந்தனை, மடக்கு எல்லாமே சாதாரணக் கட்டளைகள். மடக்குக் கட்டளைக்கு நிபந்தனையும் உடலும் வெறும் எழுத்துச் சரங்களாகப் போகின்றன. அது அவற்றை வாங்கி ஓட்டுகிறது. அப்படியானால் நாமே ஒரு மடக்கை உருவாக்கலாமா? உருவாக்கலாம். ‘திரும்பச்செய்’ என்று ஒரு கட்டளை வேண்டும் என்று வைப்போம்.

மொத்தம் = 0
திரும்பச்செய் 3 {
    மொத்தம் = மொத்தம் + 4
}

திரும்பச்செய் என்பது நாம் எழுதிய ஒரு செயற்கூறு. அது உடலை மூன்று முறை ஓட்ட வேண்டும். எங்கே ஓட்டும்? தன் வரையெல்லைக்குள் ஓட்டினால் ‘மொத்தம்’ என்ற பெயர் அங்கே கிடையாது. டிக்கிளில் செயற்கூறுகளுக்கு வெளி மாறிகள் தாமாகத் தெரியாது. உடனே பிழை வரும். இங்கேதான் ‘அப்லெவல்’ என்ற கட்டளை வருகிறது. ‘இந்த உடலை என் இடத்தில் ஓட்டாதே, என்னை அழைத்தவரின் இடத்தில் ஓட்டு’ என்பது அதன் பொருள். எத்தனை படி மேலே என்றும் எண்ணால் சொல்லலாம். அதன் துணைக் கட்டளையான ‘அப்வார்’, அழைத்தவரின் ஒரு மாறியை மட்டும் எடுத்து உள்ளே வேறு பெயரில் இணைத்துத் தரும். இந்த இரண்டையும் கொண்டு மொழியில் இல்லாத மடக்குகளை, கிளைகளை, சோதனைக் கட்டமைப்புகளை யாரும் எழுதலாம். மொழியோடு பிறந்தவற்றுக்கும் அவற்றுக்கும் தோற்றத்தில் வேறுபாடு இருக்காது.

பெயர்கள் தீர்ந்தன, போக்கு இன்னும் தீரவில்லை. உடலுக்குள் ஒருவர் ‘நிறுத்து’ என்று எழுதினால் என்ன ஆக வேண்டும்? டிக்கிளில் ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது தன் விடையோடு ஓர் எண்ணையும் திருப்பித் தருகிறது. 0 என்றால் இயல்பான முடிவு, 1 பிழை, 2 செயற்கூறிலிருந்து திரும்பு, 3 மடக்கை நிறுத்து, 4 மடக்கின் அடுத்த சுற்றுக்குப் போ. ‘நிறுத்து’ என்பதில் மந்திரம் ஒன்றுமில்லை, 3 என்ற எண் மட்டுமே. திரும்பச்செய் தன் உள்ளே ஒரு சாதாரண மடக்கைப் பயன்படுத்தியிருந்தால் அந்த 3 அதற்குப் போய்ச் சேர்ந்து மடக்கு நிற்கும். ஆனால் உடலுக்குள் ‘திரும்பு’ என்று எழுதினால் 2 வரும். அந்த 2 திரும்பச்செய் என்ற செயற்கூறை மட்டுமே முடிக்கும். உடலை எழுதியவர் தன் செயற்கூறிலிருந்தே வெளியேறுவதாக நினைத்திருப்பார்; அவருடைய அடுத்த வரி ஓடிக்கொண்டிருக்கும். இதைச் சரிசெய்ய, திரும்பச்செய் எழுதுபவர் வரும் எண்ணைப் பிடித்து, 2 என்றால் அதை மேலே அழைத்தவருக்கே அனுப்பும்படி எழுத வேண்டும்.

ஒரு கட்டுப்பாட்டுக் கட்டமைப்பு என்றால் என்ன என்பதை இந்த ஒரு பயிற்சி கற்றுத்தரும் அளவுக்கு வேறெதுவும் கற்றுத்தராது என்று நினைக்கிறேன். உடல் எந்தப் பெயர்களைப் பார்க்க வேண்டும், உடல் பாதியில் முறிந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற இரண்டு கேள்விக்கும் சேர்த்து விடை சொன்னால்தான் அது மடக்கு. ஒன்றுக்கு மட்டும் விடை சொன்னால் அரைகுறைதான்.

ஜப்பானின் யுகிஹிரோ மட்சுமோட்டோ 1995 இல் வெளியிட்ட ரூபி மொழி இதே சிக்கலை மொழிக்குள்ளேயே தீர்த்துவைத்தது. ரூபியில் ஒரு செயற்கூறுக்குக் கையளிக்கும் நிரல்துண்டு, தான் எழுதப்பட்ட இடத்தின் மாறிகளைத் தானாகவே பார்க்கும். அதற்குள் ‘திரும்பு’ என்றால் அதை எழுதியவரின் செயற்கூறே முடியும். ‘நிறுத்து’ என்றால் துண்டை வாங்கி ஓட்டிய செயற்கூறு முடியும். டிக்கிள் கருவிகளைக் கையில் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொல்கிறது. ரூபி கட்டிக் கொடுக்கிறது. பைத்தான் இந்த வாசலைப் பெரும்பாலும் மூடியே வைத்திருக்கிறது. அழைத்தவரின் உள்ளமை மாறிகளை எட்டிப் பார்க்க வழியுண்டு. எட்டி மாற்றினால் அது நிலைக்கும் என்ற உறுதி 2024 இன் 3.13 பதிப்பில்தான் வந்தது, அதுவும் பிழைதிருத்தும் கருவிகளை மனத்தில் வைத்து. அன்றாட நிரலுக்கு அந்தக் கட்டுப்பாடு நல்லதே.

மடக்கும் பெயரும் மோதும் இன்னோர் இடம் ஜாவாஸ்கிரிப்ட். பழைய முறையில் அறிவித்த மடக்கு மாறி செயற்கூறு முழுவதற்கும் ஒன்றே ஒன்று. மடக்குக்குள் மூன்று பொத்தான்களுக்கு மூன்று சிறு செயற்கூறுகளை உருவாக்கினால் மூன்றும் அதே மாறியைத்தான் பிடித்திருக்கும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் கடைசி மதிப்பே வரும். 2015 இல் வந்த ‘லெட்’ ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய மாறியைத் தந்து இதைத் தீர்த்தது. பைத்தானில் இந்தச் சிக்கல் இன்றும் உண்டு.

நிரல் ஓடும்போது எழும் பிழைகளான விதிவிலக்குகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு செயற்கூறில் பிழை எழுந்து அங்கே யாரும் கையாளாவிட்டால், கலுங்கு தாண்டும் உபரி நீர்போல அது அழைத்தவருக்கும், அவரை அழைத்தவருக்கும் போய்க்கொண்டே இருக்கும். கடக்கும் ஒவ்வொரு செயற்கூறும் வழியில் முடிகிறது. கடைசியில் எப்படியும் ஓடவேண்டிய ‘ஃபைனலி’ பகுதிக்குள் ‘திரும்பு’ என்று எழுதினால் மேலே போக வேண்டிய பிழை சத்தமின்றி அழிந்துவிடும். 2025 இல் வந்த பைத்தான் 3.14 இதற்கு எச்சரிக்கை தருகிறது.

கிளையையும் மடக்கையும் தமிழிலேயே எழுதிப் பழக ஒரு மொழி இருக்கிறது. முத்தையா அண்ணாமலை 2007 இல் தொடங்கி 2009 இல் எல்லோருக்கும் திறந்துவைத்த எழில் அது. பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பைத்தானின் மேல் கட்டியது. அதன் கிளை இப்படி இருக்கும்:

@( மட்டம் > 10 ) ஆனால்
    பதிப்பி "மடையைத் திற"
இல்லை
    பதிப்பி "காத்திரு"
முடி

நிபந்தனை முன்னே, ‘ஆனால்’ பின்னே. மடக்குக்கும் இப்படித்தான், நிபந்தனைக்குப் பின் ‘வரை’. நிறுத்து, தொடர், பின்கொடு என்று போக்கை மாற்றும் கட்டளைகள் எல்லாம் தமிழில். பெரும்பாலான தொகுதிகள் ‘முடி’ என்று முடிகின்றன. நாம் பேசும் வாக்கியத்தின் வரிசையிலேயே நிரல் போவதால், முதல்முறை கிளையையும் மடக்கையும் சந்திக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சிந்தனை முழுவதையும் போக்கின்மீதே வைக்க முடியும். பைத்தானிலும் 3.0 முதல் மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கலாம். கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலம். டிக்கிளிலோ கட்டளைப் பெயரும் நம் விருப்பம். அப்லெவல் கொண்டு ஒரே வரியில் ‘வரை’ என்ற தமிழ் மடக்கை உருவாக்கிவிடலாம். தமிழ்ப் பெயருள்ள மாறிகளின் மதிப்பை எடுக்கும்போது மட்டும் பெயரைச் சுருள் அடைப்புக்குள் இட வேண்டும்.

நரிக்குடி, திருச்சுழி, காரியாபட்டிப் பள்ளிகளில் கணினி அறிவியல் எடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்றாம் பாடத்தை முடித்ததும் அதை ஓரமாக வைத்துவிடாமல், ஆறாம் பாடம் வரும்போது மறுபடி திறந்து இரண்டையும் சேர்த்து நடத்துங்கள். மடக்கு முடிந்தபின் அதன் மாறியை அச்சிடும் நிரல், மடைதிற, காட்டு–மாற்று, மடக்குக்குள் மூன்று செயற்கூறுகளை உருவாக்கும் நிரல் ஆகிய நான்கையும் ஆய்வகத்தில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். ஓட்டுவதற்கு முன் என்ன விடை வரும் என்று ஒவ்வொரு மாணவரும் நோட்டில் எழுதட்டும். பிறகு ஓட்டட்டும். விடை மாறிய இடத்தில் ஏன் என்று வகுப்பில் பேசுங்கள். நான்கும் சேர்ந்து இருபது, இருபத்தைந்து வரிதான் வரும். ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும்.